ஊர் மாறி வந்த எலக்ட்ரீஷியன்: கோவையில் முதல் வாடிக்கையாளர்களை எங்கே பிடிப்பது?

தென்காசிக்காரன் | ஜூன் 8, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவு முடித்தவன். பதினோரு ஆண்டுகளாகத் தென்காசி, கடையநல்லூர் பக்கம் வீட்டு வயரிங், மோட்டார், இன்வர்ட்டர் வேலை பார்த்து வந்தேன். மனைவிக்குக் கோவையில் ஒரு மருத்துவமனையில் செவிலியர் வேலை கிடைத்ததால் மே கடைசியில் குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டோம். கணபதிக்கும் சரவணம்பட்டிக்கும் நடுவில் வாடகை வீடு.

ஊரில் நான் வேலை தேடிப் போனதே கிடையாது. டீக்கடையில் உட்கார்ந்திருந்தால் வேலை தானாக வந்து தோளைத் தட்டும். இங்கே பதினைந்து நாளில் மூன்று வேலை. வீட்டு உரிமையாளரின் ஃபேன் ரெகுலேட்டர் ஒன்று, எதிர்வீட்டு டியூப் லைட் ஒன்று. மூன்றாவது வேலைக்குக் காசு இன்னும் வரவில்லை, இனி வரும் என்றும் தோன்றவில்லை.

சும்மா இருக்கவில்லை. ஆயிரம் துண்டுப் பிரசுரம் அடித்து, செய்தித்தாள் போடும் பையன்களிடம் கொடுத்து உள்ளே வைக்கச் சொன்னேன். நான்கு அழைப்புகள் வந்தன. அதில் ஒருவர், இந்தப் பக்கம் வாடகைக்கு வீடு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இன்னொருவர் தன்னிடம் பிரசுரம் அச்சடிக்கக் கொடுத்தால் இதைவிட மலிவாக முடித்துத் தருவதாகச் சொன்னார்.

வீட்டுப் பழுதுக்கு ஆள் அனுப்பும் ஒரு கைப்பேசிச் செயலியிலும் விசாரித்தேன். முன்பணம், சீருடை, பயிற்சி, ஒவ்வொரு வேலையிலும் அவர்கள் பங்கு என்று கணக்குச் சொன்னார்கள். போட்டுப் பார்த்ததில் பெட்ரோலுக்கு மேல் பெரிதாக மிஞ்சவில்லை.

இப்படி ஊர் மாறி வந்து தொழிலை நிலைநிறுத்தியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். முதல் இருபது வீடுகள் உங்களுக்கு எப்படிக் கிடைத்தன?

---

குழாய்க்காரர் | ஜூன் 8, இரவு 10.35

வாங்க தம்பி. நான் பிளம்பர். விருதுநகர் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பிரசுரம் அடித்த காசை மறந்துவிடுங்கள். அதை எல்லோரும் ஒருமுறை அடிப்போம்.

உங்கள் கேள்வியில் ஒரு சின்னத் திருத்தம். இருபது வீடுகளைத் தேடாதீர்கள், நான்கு ஆட்களைத் தேடுங்கள். ஒரு பிளம்பர், ஒரு பெயிண்டர், ஒரு கொத்தனார், ஏசி பார்க்கும் ஒருவர். எங்களுக்குப் போகிற வீட்டிலெல்லாம் "தெரிந்த எலக்ட்ரீஷியன் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்பார்கள். வாரத்துக்கு இரண்டு முறையாவது என்னிடம் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார், துபாய் போய்விட்டார்.

இன்னொன்று. நீங்கள் தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர், இங்கத்திய தண்ணீர்க் கதை உங்களுக்குத் தெரியாது. சிறுவாணி வரும் மேற்குப் பகுதிக்காரர்கள் அதன் ருசியைச் சொல்லிச் சொல்லியே நம்மை ஏங்க வைப்பார்கள். ஆனால் நீங்கள் இருக்கும் பக்கம் அடுக்குமாடிகளில் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் கலந்துதான் ஓட்டுகிறார்கள். உப்பு படிந்து கீசர் எலிமெண்ட் அடிக்கடி போகும். தொட்டியைத் திறந்தால் சுண்ணாம்புக் காளவாய் மாதிரி இருக்கும். இது பாதி என் வேலை, பாதி உங்கள் வேலை. இந்த ஒன்றை வைத்தே நாம் இருவரும் ஒரு ஆண்டு ஓட்டலாம்.

---

பழைய டெஸ்டர் | ஜூன் 9, காலை 6.10

சென்னை அம்பத்தூரில் நாற்பது ஆண்டுகள் இந்தத் தொழில் பார்த்து ஓய்ந்தவன் எழுதுகிறேன். குழாய்க்காரர் சொல்வது சரி. ஆனால் பிளம்பரும் பெயிண்டரும் முன்பின் தெரியாத உங்களை ஏன் சொல்ல வேண்டும்? நீங்கள் போய் ஏடாகூடமாகச் செய்துவிட்டால் அவர்கள் வீட்டுக்காரரிடம் முகம் கொடுக்க முடியாது. ஆகவே முதலில் அவர்கள் வீட்டு வேலையைச் செய்து கொடுங்கள். பிளம்பர் வீட்டில் ஒழுங்காக ஒரு சுவிட்ச் வேலை செய்யாது என்று பந்தயமே கட்டுவேன்.

அப்புறம், தகுதிச் சான்று இருக்கிறதா? ஐ.டி.ஐ. சான்றிதழை மட்டும் சொல்லவில்லை. மின் உரிமம் வழங்கும் வாரியத்தில் வாங்கும் கம்பியாளர் தகுதிச் சான்றிதழைக் கேட்கிறேன். ஊரில் அது இல்லாமலே காலம் ஓடியிருக்கும். நகரத்தில் சங்கம் வைத்த அடுக்குமாடிகளிலும் கம்பெனிகளிலும் யாராவது ஒருவர் கேட்டே தீருவார்.

---

தென்காசிக்காரன் | ஜூன் 9, காலை 7.25

ஐயா, கம்பியாளர் சான்றிதழ் வைத்திருக்கிறேன். பீரோவில் இருக்கிறது. இதுவரை யாரும் கேட்டதில்லை.

---

பழைய டெஸ்டர் | ஜூன் 9, காலை 7.40

பீரோவிலா? நல்ல இடம். முதலில் வெளியே எடுத்து நகல் போட்டுப் பையில் வையுங்கள்.

---

மூன்றாம் மாடி | ஜூன் 9, காலை 11.15

நான் தொழில்காரர் இல்லை, வீட்டுக்காரி. விளாங்குறிச்சிப் பக்கம் 64 வீடுகள் கொண்ட அடுக்குமாடியில் குடியிருக்கிறேன், இந்த ஆண்டு சங்கச் செயலாளரும் நான்தான். எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் கட்டடத்தில் பாதிப் பேர் வாடகைக்கு இருப்பவர்கள், பெங்களூரு, ஐதராபாத், கேரளம் என்று எங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள். அவர்களுக்கும் இந்த ஊரில் யாரையும் தெரியாது. ஆகவே வாட்ஸ்அப் குழுவில் கேட்கிறார்கள். "நல்ல எலக்ட்ரீஷியன் யாராவது?" என்ற கேள்வி எங்கள் குழுவில் மாதத்துக்குப் பத்து முறை வரும். பதிலாக வருவது மூன்றே எண்கள். ஒருவர் போனை எடுப்பதில்லை. இன்னொருவர் "இதோ வருகிறேன்" என்று சொல்லி இரண்டு நாள் கழித்து வருவார். மூன்றாமவர் நல்லவர், அதனாலேயே அவருக்கு நேரம் இல்லை.

உங்கள் வேலைத்திறனை எங்களால் அளக்க முடியாது, அண்ணா. சுவிட்ச் பெட்டிக்குள் என்ன செய்தீர்கள் என்று எங்களுக்குத் தெரியப்போவதில்லை. எங்களுக்குத் தெரிவதெல்லாம் சொன்ன நேரத்துக்கு வந்தீர்களா, துளையிட்ட தூளைப் பெருக்கினீர்களா, என் மாமியார் மட்டும் இருந்த நேரத்தில் எப்படி நடந்துகொண்டீர்கள், எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே சொன்னீர்களா என்பதுதான். இது நியாயமா என்று கேட்டால் நியாயமில்லைதான்.

காவலாளியிடம் சண்டை போடாதீர்கள். மதியம் ஒன்றரையிலிருந்து நான்கு வரையும் ஞாயிறு முழுவதும் எங்களிடம் துளையிட அனுமதி இல்லை. பல கட்டடங்களில் இப்படித்தான். அதைக் கேட்டுக்கொண்டு வருகிறவர்மேல் பாதி நம்பிக்கை அங்கேயே வந்துவிடும்.

---

உள்ளூர் லைன் | ஜூன் 9, இரவு 8.05

நானும் எலக்ட்ரீஷியன்தான், இந்த ஊரிலேயே பிறந்தவன். எல்லோரும் வரவேற்புப் பா பாடுவதால் ஒருவனாவது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் செய்கிற காரியம் கூலியைக் குறைப்பது. வந்து பார்க்க 250 ரூபாய் என்று நாங்கள் நிலைநிறுத்த ஐந்து ஆண்டுகள் ஆயின. புதிதாக வந்தவர் "பார்க்கக் காசு வேண்டாம்" என்கிறார். ஆறு மாதத்தில் கட்டுப்படியாகாமல் அவர் ஊருக்குத் திரும்பிவிடுகிறார். வீட்டுக்காரர் எங்களிடம் "அவர் சும்மா வந்தாரே" என்கிறார். இடையில் அடிபட்டது எங்கள் வயிறு. நீங்கள் வந்து பிழையுங்கள், யார் வேண்டாம் என்றது? விலையைக் கெடுக்காதீர்கள்.

---

தென்காசிக்காரன் | ஜூன் 9, இரவு 8.50

அண்ணே, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உண்மையைச் சொல்கிறேன். அந்த மூன்று வேலைகளிலும் "பார்க்கக் காசு வேண்டாம்" என்றுதான் போனேன். காசு வராமல் போனதும் அதில் ஒன்றுதான்.

---

உள்ளூர் லைன் | ஜூன் 9, இரவு 9.15

பார்த்தீர்களா. சும்மா வருகிறவனுக்குச் சும்மாவே கொடுக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றிவிடும். நாளையிலிருந்து 250 சொல்லுங்கள். வேலை அங்கேயே முடிந்தால் கூலியில் கழித்துக்கொள்வேன் என்று சேர்த்துச் சொல்லுங்கள், முணுமுணுக்க மாட்டார்கள்.

---

கல்லாப்பெட்டி | ஜூன் 10, பகல் 2.20

சத்தி சாலையில் மின்சாமான் கடை வைத்திருக்கிறேன். மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் எழுதுகிறேன்.

புதிய ஆட்கள் என் கடைக்கு வந்து ஒரு அட்டையை நீட்டி "வேலை இருந்தால் சொல்லுங்கள் அண்ணாச்சி" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அந்த அட்டைகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், டப்பா நிறைந்துவிட்டது. நான் வேலைக்குச் சொல்லி அனுப்புகிற ஆட்கள் அந்த டப்பாவில் இல்லை. கடையில் என்ன வாங்குகிறார், எப்படி வாங்குகிறார் என்று பார்த்தே முடிவு செய்வேன். 3000 வாட் கீசருக்கு மெல்லிய ஒயர் கேட்கிறவரை எந்த வீட்டுக்கும் அனுப்ப மாட்டேன். "எர்த் இழுக்கப் பச்சை ஒயரும் கொடுங்கள்" என்று கேட்டு வாங்குகிறவர் பெயரை மனதில் குறித்துக்கொள்வேன். மிஞ்சிய சாமானைத் திருப்பிக் கொண்டுவரும்போது பெட்டி கிழியாமல் கொண்டுவருகிறாரா என்றும் பார்ப்பேன். சிரிக்காதீர்கள், அதில் ஆளின் குணம் தெரியும்.

ஆகவே ஒரே கடையில் வாங்குங்கள். பத்து ரூபாய் குறைவு என்று ஊரெல்லாம் சுற்றினால் எந்தக் கடைக்காரருக்கும் உங்கள் முகம் பதியாது.

கடைகள் கொடுக்கும் கமிஷனைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கொடுக்கிறோம். ஒயர், சுவிட்ச் கம்பெனிகளும் பெட்டிக்குள் கூப்பன், புள்ளி என்று எலக்ட்ரீஷியனுக்கு வைக்கின்றன. ரகசியம் ஒன்றும் இல்லை.

---

மூன்றாம் மாடி | ஜூன் 10, மாலை 4.45

ரகசியம் இல்லை என்றால் எங்கள் பில்லில் ஏன் அது எழுதப்படுவதில்லை?

போன ஆண்டு எங்கள் வீட்டில் சமையலறைக்கு மட்டும் புதிதாக வயரிங் செய்தோம். எலக்ட்ரீஷியன் சொன்ன கடையில்தான் வாங்க வேண்டும் என்றார். வாங்கினோம். பிறகு என் தம்பி அதே சாமான் பட்டியலை வேறு கடையில் விசாரித்தான். வித்தியாசம் கிட்டத்தட்ட இரண்டாயிரம். பணம் போனது பெரிதில்லை, என்னை முட்டாளாக்கினார்கள் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. அந்த எலக்ட்ரீஷியன் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் அவர் எண்ணை நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

---

உள்ளூர் லைன் | ஜூன் 10, மாலை 6.30

அம்மா, நீங்கள் கூலியில் நூறு ரூபாய் கூடக் கேட்டால் பேரம் பேசுவீர்கள். சாமான் எடுக்க நான் கடைக்கு இரண்டு முறை வண்டியில் போய்வருவதற்குத் தனிக் கூலி கேட்டால் கொடுப்பீர்களா? மாட்டீர்கள். அது கமிஷனாக வருகிறது.

---

மூன்றாம் மாடி | ஜூன் 10, மாலை 6.55

கேட்டுப் பாருங்கள், கொடுப்பேன். கேட்காமல் எடுத்துக்கொள்வதுதான் பிரச்சினை.

---

பழைய டெஸ்டர் | ஜூன் 10, இரவு 7.30

இந்தச் சண்டை நான் கைத்தொழில் கற்ற காலத்திலிருந்து நடக்கிறது, நம் காலத்தில் முடியாது.

நான் செய்தது இது. பட்டியலை நான் எழுதிக் கொடுப்பேன், அளவு, தரம் எல்லாம் போட்டு. "நீங்களே வாங்கினாலும் சரி, நான் வாங்கி வந்தாலும் சரி. நான் வாங்கினால் அலைச்சலுக்கு இவ்வளவு" என்பேன். பத்தில் எட்டுப் பேர் "நீங்களே வாங்குங்கள்" என்றுதான் சொன்னார்கள். கூப்பனை வைத்துக்கொண்டேன், அது கம்பெனி எனக்குக் கொடுப்பது. கடைக் கமிஷனை விலையில் கழிக்கச் சொல்லிவிடுவேன். எல்லாரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. நான்கு பிள்ளைகளை வளர்த்த ஆண்டுகளில் நானும் அப்படி இருக்கவில்லை.

---

ஊசிநூல் | ஜூன் 11, காலை 10.05

நான் தையல்காரி, நாகர்கோவிலிலிருந்து வந்து சிங்காநல்லூரில் வீட்டிலேயே தைக்கிறேன். வேறு தொழில் என்றாலும் சிக்கல் ஒன்றுதான்.

ஒன்று சொல்லலாமா? பேச்சு. நம் ஊர்ப் பேச்சு இங்கே காதுக்குக் கொஞ்சம் வெட்டுப் பேச்சாகப் படும். நான் வந்த புதிதில் ஒரு அம்மா துணியை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பவே இல்லை. பல மாதம் கழித்து வேறொருவர் மூலம் தெரிந்தது, நான் அதட்டிப் பேசினேனாம். நான் சாதாரணமாக "என்ன வேணும்?" என்றுதான் கேட்டேன்! இங்கே சின்னக் குழந்தையைக்கூட "வாங்க, உட்காருங்க" என்பார்கள். "ஏனுங்க" என்று ஆரம்பித்தால் அரைக் காரியம் முடிந்த மாதிரி. நடிக்க வேண்டாம், வாக்கியத்தின் முடிவில் ஒரு "ங்க" சேர்த்தால் போதும்.

என் முதல் வாடிக்கையாளர்கள் மகள் படித்த பள்ளி வாசலில் கிடைத்தவர்கள். மாலையில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் அம்மாக்களிடம் பேசிப் பேசியே வந்தார்கள். உங்களுக்குப் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் கூப்பிட நீங்கள் போகலாமே.

---

சாந்துச்சட்டி | ஜூன் 11, இரவு 9.20

நான் கட்டட மேற்பார்வை பார்க்கிறவன். புது வீட்டு வேலைக்கு ஆசைப்படுவீர்கள் என்பதால் ஒரு எச்சரிக்கை.

கான்கிரீட் போடும் முன் பைப் பதிப்பது, சுவர் வெட்டிப் பெட்டி வைப்பது, ஒயர் இழுப்பது, கடைசியில் சுவிட்ச் மாட்டுவது என்று வேலை எட்டு மாதத்துக்கு இழுக்கும். பணமும் நான்கு தவணையாகத்தான் வரும். கடைசித் தவணை கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு என்பார்கள், அதன்பிறகு போனை எடுக்க மாட்டார்கள். ஊரில் தெரிந்த ஆட்களுக்குச் செய்தபோது இது உங்களுக்கு உறைத்திருக்காது. புதிய ஊரில் முதல் ஆண்டே முழு வீட்டை எடுத்தால் கைக்காசு எல்லாம் அதில் முடங்கும். ஆடியில் கிரகப்பிரவேசமும் கிடையாது, வேலையும் மந்தம். முதல் ஆண்டு பழுது வேலையில் நில்லுங்கள். அன்றைக்குச் செய்து அன்றைக்குக் காசு.

வீடு மாறுகிறவர்களைப் பிடியுங்கள். மே, ஜூன் மாதங்களில் வாடகை வீடு மாற்றுவோர் நிறைய. ஒவ்வொரு மாற்றத்திலும் ஃபேன், கீசர், இன்வர்ட்டர் எல்லாவற்றையும் இங்கே கழற்றி அங்கே மாட்ட வேண்டும். சாமான் ஏற்றும் வண்டிக்காரர்களுக்கு அந்த வேலை தெரியாது. அவர்கள் இரண்டு பேரைப் பழகிக்கொண்டால் ஒரே குடும்பத்தில் இரண்டு வீட்டு வேலை.

---

தென்காசிக்காரன் | ஜூலை 6, இரவு 10.10

ஒரு மாதம் ஆகிறது. நடந்ததைச் சொல்கிறேன், நல்லதும் கெட்டதும்.

கெட்டதை முதலில். ஒருவன் போன் செய்து ராணுவக் குடியிருப்பில் எட்டு ஃபேன் மாட்ட வேண்டும், முன்பணம் அனுப்புகிறேன், ராணுவக் கணக்கிலிருந்து வருவதால் ஒரு குறியீட்டை ஸ்கேன் செய்து பின் எண் போட வேண்டும் என்றான். இந்தி கலந்த தமிழ், ரொம்ப மரியாதை. பெரிய வேலை கிடைத்த சந்தோஷத்தில் ஸ்கேன் செய்தேன், 2000 போய்விட்டது. இரண்டாவது முறையும் போடச் சொன்னபோதுதான் புத்தி வந்தது. பணம் வாங்க யாருக்கும் பின் எண் தேவையில்லை, அனுப்பத்தான் தேவை. இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. ஆனாலும் வேலை இல்லாத நேரத்தில் கண் மறைத்துவிட்டது. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் கவனமாக இருங்கள். வேலை தேடி எண்ணைப் பரப்புகிறவர்களைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள்.

இனி நல்லது. குழாய்க்காரர் அண்ணனை நேரில் பார்த்தேன். பழைய டெஸ்டர் ஐயா பந்தயத்தில் ஜெயித்துவிட்டார், அண்ணன் வீட்டில் மூன்று சுவிட்ச் வேலை செய்யவில்லை. அதை முடித்த மூன்றாம் நாள் அவர் மூலம் ஒரு கீசர் வேலை வந்தது. அந்த வீட்டில்தான் எனக்கு இந்த ஊரில் கதவு திறந்தது, கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

கீசர் மாட்டி முடித்ததும் அந்த அம்மா, "முன்பெல்லாம் டிரிப்பர் அடிக்கடி விழுந்ததுங்க, மழை பெய்தால் நின்றதே இல்லை, இப்போது விழுவதே இல்லை" என்றார். பெட்டியைத் திறந்தால் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டும் சாமான், டிரிப்பர் என்று அவர் சொன்னது இதைத்தான்) பெயருக்கு உட்கார்ந்திருந்தது, ஒயர் அதைத் தொடாமல் நேராகப் போயிருந்தது. முன்பு வந்த யாரோ தொல்லை வேண்டாம் என்று அதை விலக்கிவிட்டு நேரடியாக இணைத்துவிட்டுப் போயிருக்கிறார். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழ வேண்டிய உயிர்காப்புச் சாமான் அது. அந்த வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள்.

திரும்ப முறையாக இணைத்தேன், உடனே விழுந்தது. எல்லாச் சுவிட்சையும் அணைத்தும் விழுந்தது. சுவிட்ச், மின்சாரம் வரும் ஃபேஸ் ஒயரை மட்டும்தானே வெட்டும். மின்சாரம் திரும்பும் நியூட்ரல் ஒயர் எங்கோ எர்த்தைத் தொட்டால் அணைத்து வைத்தாலும் விழும். நியூட்ரல் ஒயர்கள் எல்லாம் சேரும் லிங்கிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். ஆறாவது ஒயரில் நின்றது. அது பால்கனி விளக்குக்குப் போகிற லைன். வெளிச்சுவர் இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர் தேங்கி, பச்சை பூத்த இணைப்பு. தண்ணீர் புகாத பெட்டி வாங்கி வந்து மாற்றினேன். மொத்தம் ஒன்றரை மணி நேரம். 450 ரூபாய் வாங்கினேன். கசிவு எப்படி நடந்தது என்று அந்த அம்மாவிடம் பெட்டியைக் காட்டியே விளக்கினேன், படமும் எடுத்துக் கொடுத்தேன்.

அன்றிரவே அவர் அந்தப் படத்தைக் கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். மறுவாரம் அதே கட்டடத்தில் நான்கு வீடுகள். மழைக்கு டிரிப்பர் விழும் வீடு அந்த ஒன்று மட்டும் இல்லை போலிருக்கிறது.

---

மூன்றாம் மாடி | ஜூலை 6, இரவு 10.40

பால்கனி விளக்கு என்றதும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எங்கள் வீட்டுப் பெட்டிக்கு மூடியே இல்லை.

---

கல்லாப்பெட்டி | ஜூலை 7, காலை 9.30

அந்தத் தண்ணீர் புகாத பெட்டியை என்னிடம் வந்து வாங்கியவர் நீங்களா! கணபதிக்காரர் என்று நினைத்தேன். அடுத்த முறை வரும்போது பெயர் சொல்லுங்கள்.

---

உள்ளூர் லைன் | ஜூலை 7, காலை 10.15

டிரிப்பரை நேரடியாக இணைப்பவர்கள் பற்றித் தனி இழையே தொடங்கலாம். அதைச் செய்தது என் ஊர்க்காரனாகத்தான் இருப்பான், வெட்கமாக இருக்கிறது.

தம்பிக்கு என் பங்குக்கு இரண்டு. வேலை முடிந்ததும் டிபி பெட்டியின் (வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) கதவுக்கு உள்பக்கம் உங்கள் பெயர், எண், தேதி போட்ட ஒட்டி ஒன்று ஒட்டுங்கள். வெளியே ஒட்டாதீர்கள், சுவரை அசிங்கப்படுத்தினான் என்பார்கள். மின்சாரம் போகும்போது ஆள் திறக்கிற ஒரே இடம் அதுதான். குடித்தனம் மாறினாலும் ஒட்டி அங்கேயே இருக்கும். எனக்கு ஆறு ஆண்டுக்கு முன்பு ஒட்டிய வீட்டிலிருந்து போன வாரம் அழைப்பு வந்தது.

இரண்டு, கூகுள் வரைபடத்தில் பதியுங்கள். கடை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வீட்டு முகவரியை மறைத்துவிட்டு எந்தெந்தப் பகுதிக்குப் போவேன் என்று மட்டும் காட்டலாம். இலவசம். "உங்களை முதலிடத்தில் கொண்டுவருகிறோம்" என்று காசு கேட்டு வரும் அழைப்புகளை வைத்துவிடுங்கள்.

---

தென்காசிக்காரன் | ஜூலை 7, பகல் 1.05

நன்றி அண்ணே. இதேபோல் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு ஒரு இணையதளம் 1500 கேட்டது. அரசுத் தளத்தில் அது இலவசம் என்று மனைவி கண்டுபிடித்தாள். நானே பதிந்துவிட்டேன். ஜி.எஸ்.டி. எடுக்க வேண்டுமா?

---

சாந்துச்சட்டி | ஜூலை 7, பகல் 1.30

ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் சேவைத் தொழிலுக்கு எடுக்க வேண்டும். தாண்டும் அன்று எங்களுக்கு விருந்து வையுங்கள். அதைவிட முக்கியம், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறீர்களா? எலக்ட்ரீஷியனும் அதில் வருவார். ஊரில் பதிந்திருந்தால் முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள்.

---

குழாய்க்காரர் | ஆகஸ்ட் 2, இரவு 9.00

தம்பி, ஒரு குறை சொல்ல வேண்டும். சூலூரில் வேலை என்று போனாயாம், மறுநாள் வடவள்ளி போனாயாம். ஒன்று ஊரின் கிழக்குக் கோடி, இன்னொன்று மேற்குக் கோடி. நான் சரவணம்பட்டியில் சொன்ன வீட்டுக்கு "நாளைக்கு வருகிறேன்" என்றாயாம். அவர் என்னைக் கேட்கிறார். அகல உழுவதைவிட ஆழ உழு என்று சும்மாவா சொன்னார்கள்.

---

தென்காசிக்காரன் | ஆகஸ்ட் 2, இரவு 9.35

தப்புத்தான் அண்ணே. வருகிற எந்த வேலையையும் விடப் பயமாக இருக்கிறது. ஜூனில் சும்மா உட்கார்ந்திருந்த நாட்கள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. ஆடி மாதம் வேறு, போன் அடித்தால் மறுபேச்சு இல்லாமல் வண்டியை எடுத்துவிடுகிறேன். சூலூர் வேலையில் 300 கிடைத்தது. போகவர அரை நாள்.

---

ஊசிநூல் | ஆகஸ்ட் 3, காலை 8.20

அந்தப் பயம் எனக்கும் ஒரு ஆண்டு இருந்தது. முடியாது என்று சொல்வதற்குப் பதில் வேறு தையல்காரியின் எண்ணைக் கொடுக்கத் தொடங்கினேன். அவரும் எனக்கு அனுப்பத் தொடங்கினார். தீபாவளிக்கு இருவரும் ஒருவர் வேலையை மற்றவர் தாங்குகிறோம். உள்ளூர் லைன் அண்ணா எந்தப் பகுதி?

---

உள்ளூர் லைன் | ஆகஸ்ட் 3, காலை 8.45

ஒண்டிப்புதூர். சூலூர்ப் பக்கம் வந்தால் என்னிடம் தள்ளிவிடுங்கள். சரவணம்பட்டி வேலையை நான் தருகிறேன், அந்தப் போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொள்ள எனக்கு வயதில்லை.

---

தென்காசிக்காரன் | நவம்பர் 9, இரவு 8.40

நீண்ட நாள் வரவில்லை, மன்னியுங்கள். மழைக்காலம், ஈரக் கசிவு வேலை ஓயவில்லை.

வேலை எங்கிருந்து வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். அக்டோபரில் 58 வேலைகள். ஏற்கெனவே செய்த வீடும் அவர்கள் சொன்ன வீடும் சேர்ந்து 27. குழாய்க்காரர் அண்ணன், ஒரு பெயிண்டர், சாமான் வண்டிக்காரர் ஒருவர் என மூவரும் சேர்ந்து 14. கல்லாப்பெட்டி அண்ணாச்சி அனுப்பியது 8. உள்ளூர் லைன் அண்ணன் 5. கூகுள் வரைபடம் 3. பள்ளி வாசலில் ஒன்று, அது பையனின் ஆசிரியை வீட்டு மாவு கிரைண்டர். ஜூனில் அடித்த பிரசுரத்தால் வந்தது பூஜ்யம்தான்.

சாமானை நான் வாங்கினால் அலைச்சலுக்கு 100 என்று சொல்லிவிடுகிறேன். இதுவரை இரண்டு பேர்தான் முகம் சுளித்தார்கள். ஊரில் ஈட்டியதை இன்னும் எட்டவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். இங்கே வாடகை இரண்டு மடங்கு. ஆனால் கடந்த மாதம் மனைவியிடம் கடன் கேட்கவில்லை.

---

குழாய்க்காரர் | நவம்பர் 9, இரவு 8.55

கணக்கெல்லாம் சரி. விளாங்குறிச்சியில் ஒரு வீடு. கீசருக்குக் குழாய் முடித்துவிட்டேன், லைன் இழுக்க வேண்டும். ஞாயிறு வர முடியுமா?

---

தென்காசிக்காரன் | நவம்பர் 9, இரவு 9.05

அடுக்குமாடியா அண்ணே? அப்படியானால் ஞாயிறு துளையிட விட மாட்டார்கள். திங்கள் காலை ஒன்பதரைக்கு வருகிறேன். எலிமெண்ட் 2000 வாட்டா 3000 வாட்டா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், அதற்கேற்ற ஒயரை அண்ணாச்சி கடையில் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.

---

மூன்றாம் மாடி | நவம்பர் 9, இரவு 9.20

திங்கள் விளாங்குறிச்சி வருகிறீர்கள் என்றால் அப்படியே எங்கள் பால்கனிப் பெட்டிக்கும் ஒரு மூடி எடுத்து வாருங்கள். பார்க்க 250 என்பது தெரியும்.